பரிபூரணத்தை உருவாக்கியவர்

பேப்பரில் பரிபூரணத்தின் போட்டோ வந்த அன்று காலை ராஜரத்தினத்துக்கு இட்லி இறங்கவில்லை. மனைவி தங்கபாய் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் அவர் தொடைக்கு அடியில் பேப்பர் ஒளிந்திருப்பதைக் கண்டாள். உருவி எடுத்தாள்.

மாவட்டச் செய்திப் பக்கத்தில், பிளவக்கல் அணையின் நீர்மட்டத்துக்கும் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஒரு பசுமாட்டுக்கும் நடுவில், பரிபூரணம் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தொழில் முனைவோர் பேரவை 1994ஆம் ஆண்டின் ‘சாதனைப் பெண்மணி’ விருதை அவளுக்கு வழங்கப் போகிறதாம். பேண்டேஜ் சுருட்டும் கூலித் தொழிலாளியாக இருந்து, சொந்தமாக பேண்டேஜ் கம்பெனி நடத்தும் அளவுக்கு உயர்ந்தவராம்.

“இது நம்ம கம்பெனியில சுருட்டிக்கிட்டு இருந்த பரிபூரணம்லா,” என்றாள் தங்கபாய்.

“நம்ம கம்பெனியிலதான்.”

“நல்லா இருக்கா. மூக்குத்திகூடப் போட்டிருக்கா. போட்டோவுல மின்னுது பாருங்க.”

“பேப்பர்ல மை ஜாஸ்தி,” என்றார் ராஜரத்தினம்.

இராஜபாளையத்தில் ராஜரத்தினத்தின் பேண்டேஜ் கம்பெனி பெரியதுமல்ல, சிறியதுமல்ல. தறிக்காரர்களிடம் மெல்லிசுத் துணி வாங்கி, வெளுத்து, காயப்போட்டு, வெட்டி, சுருட்டி, டப்பாவில் அடைத்து அனுப்புவார்கள். உலகத்தில் எங்கே எவன் மண்டை உடைந்தாலும் அதில் நம்ம ஊருக்கு ஒரு பங்கு உண்டு என்று அவர் கல்யாண வீடுகளில் சொல்லுவார். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்ப்பார்.

பொறாமை அவருக்குப் புதிதல்ல. சிலருக்குச் சர்க்கரை மாதிரி, அவருக்கு அது. மச்சினனுக்கு டெலிபோன் வந்தபோது காய்ச்சலில் படுத்தார். பக்கத்து மில்காரர் அம்பாசிடர் வாங்கிய வாரம் முழுக்க நடந்தே கம்பெனிக்குப் போய், நடை உடம்புக்கு நல்லது என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். ஆனால் இதுவரை அவர் பொறாமைப்பட்ட எல்லாரும் அவருக்குச் சமமானவர்கள், அல்லது ஒரு படி மேலே உள்ளவர்கள். குனிந்து கீழே பார்த்துப் பொறாமைப்படுவது இதுதான் முதல் தடவை. கழுத்து வலித்தது.

அவருக்கு இதுவரை யாரும் விருது கொடுத்ததில்லை. அந்த வட்டாரத்தில் விருது வாங்காமல் ஐம்பது வயதைத் தாண்டுவது லேசுப்பட்ட காரியமல்ல. பேரவை, மன்றம், சங்கம் என்று பலகை வைத்தவர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு விழா எடுத்து, நன்கொடை தந்தவருக்கெல்லாம் ஒரு பட்டம் சூட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ராஜரத்தினம் நன்கொடை தருவதில்லை. அதனால் அவர் பட்டமில்லாமல், வெறும் ராஜரத்தினமாகவே இருந்தார். பரிபூரணமும் நன்கொடை கொடுத்திருப்பாள் என்று இரண்டு நாள் விசாரித்தார். கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் இன்னும் மோசமாகிவிட்டது.

அந்த நிலையில்தான் அவர் பேராசிரியர் ஞானதுரையின் பேச்சைக் கேட்டார்.

வர்த்தகர்கள் மாதாமாதம் கூடிச் சாப்பிடுகிற கூட்டம் அது. சாப்பாட்டுக்கு முன்னால் யாராவது பேசுவார்கள். அன்றைக்குப் பேராசிரியர் பேசினார். “அடக்குமுறை இல்லாமல் சாதனை இல்லை. ஒடுக்கப்பட்டவனே ஓங்கி எழுகிறான். ஒவ்வொரு சாதனையாளருக்குப் பின்னாலும் அவரை அடக்கிய ஒருவர் இருக்கிறார். உளி இல்லாமல் சிலை ஏது? சிலையைப் பார்த்து வியக்கும் உலகம், உளிக்கு ஒரு மாலை போட்டதுண்டா?” என்று கேட்டார். பேராசிரியரை யாரும் எப்போதும் அடக்கியதாகத் தெரியவில்லை. அவர் கையிலிருந்து மைக்கைக்கூட யாரும் வாங்கியதில்லை.

மற்றவர்கள் வடை வாசனை வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜரத்தினம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்து வலி போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் தங்கபாயிடம் சொன்னார். “பரிபூரணத்தை உருவாக்குனதே நான்தான்.”

“எப்பம்?”

“அவள நான் எப்பிடி வச்சிருந்தேன். அடக்கி, ஒடுக்கி, நிமிர விடாம வச்சிருந்தேன்லா. அதுனாலதான் நிமிர்ந்துட்டா. இது விஞ்ஞானம்.”

தங்கபாய் அவர் பக்கம் திரும்பினாள். “இம்புட்டு வருசமா என்னையும் அப்பிடித்தான வச்சிருக்கீக. எனக்கு எப்ப விருது?”

பெண்களுக்கு விஞ்ஞானம் புரியாது என்பது அவர் கருத்து.

ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அவருடைய கம்பெனியில் பேண்டேஜ் சுருட்டுகிற பெண்கள் நின்றுகொண்டுதான் சுருட்ட வேண்டும். மேசையில் பொருத்திய சின்ன மிஷினின் கைப்பிடியை ஒரு கையால் சுழற்றி, இன்னொரு கையால் துணியை இழுத்துக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து சுருட்டினால் பேண்டேஜ் தொளதொளவென்று வரும், நின்று சுருட்டினால்தான் இறுக்கம் வரும் என்பது ராஜரத்தினத்தின் கண்டுபிடிப்பு. அதை அவர் மேசைக்குப் பின்னால், மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்தார். வேலை நேரத்தில் பேசக் கூடாது. சாயங்காலம் வாசலில் ஒவ்வொருத்தியும் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். துணித் துண்டு எதையும் ஒளித்துக்கொண்டு போகவில்லை என்பதற்கு அது சாட்சி. அந்த வேளைக்கு ராஜரத்தினம் தவறாமல் வாசலுக்கு வந்து நிற்பார்.

1983இல் ஒரு நாள் பரிபூரணம் அவர் மேசைக்கு வந்து, கால் வீங்குகிறது, ஒரு ஸ்டூல் போட்டுத் தாருங்கள் என்று கேட்டாள். “உக்காந்து வேலை பாக்கணும்னா முதலாளியாகு ஏட்டி,” என்றார் அவர். அவள் அன்றைக்குச் சாயங்காலம் முந்தானையை உதறிவிட்டுப் போனவள்தான். திரும்பி வரவில்லை.

இப்போது நினைத்துப் பார்க்கையில், அது எவ்வளவு பெரிய உபதேசம் என்று ராஜரத்தினத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. முதலாளியாகு என்றார், ஆகிவிட்டாள். இனி விழா மேடையில் அவள் வாயால் தன் பெயர் வர வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. விருதைக்கூட அவளே வைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் பஸ் ஏறினார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டி பால்கோவா வாங்கிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியூரிலிருந்து பால்கோவா வாங்கிக்கொண்டு போகிறோமே என்பது பஸ் ஊருக்குள் நுழைந்து, வரிசையாக பால்கோவாக் கடைகள் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பரிபூரணத்தின் கம்பெனி மதுரை ரோட்டில், முன்பு எண்ணெய்ச் செக்கு ஓடிய கட்டிடத்தில் இருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்து சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா உட்காரவில்லை, பேசிக்கொண்டே வேறு உட்கார்ந்திருந்தார்கள். ராஜரத்தினம் கடந்து போகிறவர் மாதிரி ஒரு ரோலை எடுத்துப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. மனசில்லாமல் கீழே வைத்தார்.

“வாங்க முதலாளி. உக்காருங்க,” என்று பரிபூரணம் வந்தாள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ‘முதலாளி’. அவருக்கு இனித்தது. அவளைத் தான் எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை. ‘ஏட்டி’ நுனி நாக்கு வரை வந்து திரும்பிப் போனது.

“பேப்பர்ல பாத்தேன். சந்தோசம்,” என்றார். பல் பிடுங்கும்போது வருகிற சத்தம் போல அந்தச் சந்தோசம் வந்தது.

“டீ சொல்லட்டுமா?” என்று கேட்டாள். ஆனால் யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. டீ விஷயத்தில் பரிபூரணம் கொஞ்சம் கஞ்சம். அவளிடம் வேலை பார்ப்பவர்களுக்கு அது தெரியும். ஒருத்தி தலையைக் குனிந்து சிரித்தாள்.

“விழாவுல பேசுவே… பேசுவீகள்ல?”

“ரெண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்காக.”

“யார் யாரைச் சொல்லப் போறீக?”

“சாகுல் ஹமீது பாயைச் சொல்லணும். மொதமொத நான் சுருட்டுன சரக்கை எடுத்துட்டுப் போயி மதுரையில மருந்துக்கடை மருந்துக்கடையா ஏறி வித்தாக. எம் பிள்ளையள எந் தங்கச்சிதான் பாத்தா, அவளைச் சொல்லணும். சேத்தூர்ல ஒரு தறிக்காரரு நம்பித் துணி குடுத்தாரு.”

சாகுல் ஹமீதை ராஜரத்தினத்துக்கும் தெரியும். ஊரில் பாதிக் கம்பெனிகளின் சரக்கை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட். தன் சரக்கையும் விற்கிற அதே வாய் இவள் சரக்கையும் விற்றிருக்கிறது. ராஜரத்தினத்துக்கு அவர் மேலும் கொஞ்சம் பொறாமை வந்தது.

“நம்ம கம்பெனிய?” என்றார்.

“நம்ம கம்பெனிய என்னன்னு சொல்ல?”

“அங்க நீ கஷ்டப்பட்டேல்லா?”

“பட்டேன்.”

“அந்தக் கஷ்டம்தான உன்னய இங்க கொண்டாந்து விட்டுச்சு. அதைக் குடுத்தது யாரு?”

“நீங்கதான்.”

“அதைத்தான் சொல்லுங்கேன்.”

பரிபூரணம் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். “முதலாளி, நீங்க என்னயக் கஷ்டப்படுத்துனீகன்னு மேடையில சொல்லச் சொல்லுதீகளா?”

“அப்பிடிப் பச்சையா வேண்டாம். கண்டிப்புன்னு சொல்லலாம். கண்டிப்பான முதலாளிகிட்ட வேலை பாத்தேன், அதான் இப்பிடி வந்தேன்னு.”

“நாங்க முந்தானைய உதறுனோம். நீங்க கதவுல சாஞ்சு நின்னு பாத்தீக. அதுக்குக் கண்டிப்புன்னா பேரு?”

ராஜரத்தினம் கூரையைப் பார்த்தார். கூரை நன்றாகத்தான் போட்டிருந்தாள்.

பரிபூரணம் சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். முழங்கால் வரை பேண்டேஜ் சுற்றியிருந்தது. “நரம்பு சுருண்டு போச்சு. டாக்டரு ரெண்டு தடவை அறுத்துட்டாரு. உங்ககிட்டயிருந்து வந்து ரெண்டு வருசம் படுத்துக் கெடந்தேன். அதுக்குப் பொறவுதான் மிஷினு வாங்குனேன். கஷ்டம் குடுத்ததுனால நான் வந்துட்டேன்கீகளே, அந்தக் கஷ்டம் இல்லேன்னா இன்னும் வெரசா வந்திருப்பேன். நீங்க என்னய ஆக்கல முதலாளி. லேட்டாக்குனீக.”

இவ்வளவு நேரம் அவள் குரல் உயரவே இல்லை. வேலை செய்கிறவளிடம் அடுத்த வேலையைச் சொல்வது மாதிரித்தான் சொன்னாள். ராஜரத்தினத்துக்கு அதில் காதில் விழுந்தது ஒன்றுதான்: தன் பெயர் வராது.

“வேணும்னா ரெண்டு கம்பெனியில வேலை பாத்தேன்னு பொதுவாச் சொல்லுதேன்,” என்றாள் அவள்.

“ரெண்டா?”

“உங்ககிட்ட வாரதுக்கு முந்தி சுயம்புலிங்கம் அண்ணாச்சி கம்பெனி. அவுகளும் நேத்து இதுக்காகத்தான் வந்துட்டுப் போனாக.”

ஜன்னல் மேடையில் ஒரு பால்கோவாப் பெட்டி இருந்தது. அதே இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக் கடை. அதே ரோஸ் கயிறு.

ராஜரத்தினம் தன்னுடைய பெட்டியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

சுயம்புலிங்கம் அவருக்குச் சரியாகப் பத்து வீடு தள்ளி இருப்பவர், அவரும் பேண்டேஜ் முதலாளி, அவருக்கும் விருது கிடையாது. மறுநாள் காலை இராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். சாகுல் ஹமீது பாய் மதுரை வண்டிக்காக அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“என்ன வே, பரிபூரணத்தைப் பாக்கப் போனீராமே,” என்றார் ராஜரத்தினம்.

“என் கம்பெனியில வளந்த பிள்ளை. போகாம?”

“ஒம்ம கம்பெனியில எம்புட்டு நாளு இருந்தா? தொழிலு பழகுனா, ஓடியாந்துட்டா. அவ நெசமாக் கஷ்டப்பட்டது எங்கிட்ட.”

“நீரு என்னத்தக் கஷ்டப்படுத்திட்டீரு?”

“நிக்க வச்சேன் வே. காலு வீங்குற மட்டும் நிக்க வச்சேன். வாயைத் தொறக்க விடல.”

“நிக்க வைக்கிறது ஒரு கஷ்டமா? பஸ்ஸுல நின்னுக்கிட்டுத்தான் மதுரைக்கே போறோம்.” சுயம்புலிங்கம் கிளாசைக் கீழே வைத்தார். “என் கம்பெனியில கக்கூஸ் சாவி எம்மடியில இருக்கும். காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா. அதுக்கு மேல எவ வந்து கேட்டாலும் கெடையாது.”

அது ராஜரத்தினத்துக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் முதலாளியாக இருந்து, இப்படி ஒரு சாவி இருப்பதைக் கவனிக்காமல் விட்டோமே என்று வருந்தினார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கிளாசோடு தள்ளிப் போய் நின்றார்.

“பாய், நீரே சொல்லும்,” என்றார் ராஜரத்தினம். “யாரு கூடுதல்?”

சாகுல் ஹமீது இரண்டு பேருடைய சரக்கையும் விற்பவர். யோசித்துப் பேசினார். “ரெண்டு பேருமே நல்லாத்தான் பண்ணியிருக்கீக, அண்ணாச்சி. இதுக்குன்னு பேரவைக்காரங்க தனியா ஒரு விருது வைக்கலியே, அதான் கொறை.”

ராஜரத்தினம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. பெயர் வந்துவிட்டால் கைதட்ட ஆள் வேண்டும் என்பதற்காக ராஜரத்தினம் தன் கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரையும் ஒரு வேன் பிடித்து ஏற்றி அனுப்பினார். வேன் வாடகை கொடுத்தபோது தங்கபாயே பயந்துபோனாள். அவர் அப்படிச் செலவழித்து அவள் பார்த்ததில்லை.

முன்வரிசையில் ராஜரத்தினம், பக்கத்தில் தங்கபாய். அவருக்கு நேர் பின்னால் சுயம்புலிங்கம். கம்பெனிப் பெண்கள் கடைசி வரிசைகளில். நாற்காலி போட்டிருந்தார்கள், அதில் உட்காரலாமா என்று முதலில் தயங்கி, பிறகு உட்கார்ந்தார்கள்.

பேராசிரியர் ஞானதுரை சிறப்புரை. அடக்குமுறையை நாற்பது நிமிஷம் வாழ்த்தினார். மேலே சுழன்ற மின்விசிறி போதாதென்று அவருக்குத் தனியாக ஒரு டேபிள் பேன் வைத்திருந்தார்கள். விருது கொடுக்கப்பட்டது. சால்வை போர்த்தப்பட்டது. பரிபூரணம் மைக்கின் முன்னால் வந்தாள். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

பாயைச் சொன்னாள். தங்கச்சியைச் சொன்னாள். தறிக்காரரைச் சொன்னாள். தன்னிடம் வேலை பார்க்கும் ஒவ்வொருத்தி பெயரையும் சொன்னாள். ராஜரத்தினம் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்தார்.

“அதுக்கு முன்னால ரெண்டு கம்பெனியில வேலை பாத்தேன். அங்க பட்டதை இங்க சொல்ல வேண்டாம். அவிய பேரும் வேண்டாம். இந்த ஐயா பேசுனாக, கஷ்டம்தான் ஆளை உருவாக்கும்னு. அப்பிடின்னா எங்கூட நின்னவுக எல்லாரும் இந்நேரம் இங்க மேடையில இருக்கணும். எடம் பத்தாது. நன்றி.”

கைதட்டல் எழுந்தது. பேராசிரியரும் தட்டினார், அவர் எப்போதும் எதற்கும் தட்டிவிடுவார். மண்டபம் முழுக்க, யார் அந்த இரண்டு கம்பெனி என்ற குசுகுசுப்பு ஓடியது. ராஜரத்தினத்துக்குப் பின்னாலிருந்த யாரோ, “சுயம்புலிங்கம் கம்பெனியாத்தான் இருக்கும்,” என்றார்கள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எழுந்தார். தங்கபாய் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை இழுபட்டது, அவர் நிற்கவில்லை. மேடை ஏறி, விழாத் தலைவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“அவங்க பேரு சொல்லல. தன்னடக்கம். நான் சொல்லுதேன். ரெண்டாவது கம்பெனி என் கம்பெனி. மொத கம்பெனி இல்ல, ரெண்டாவது. அவங்கள நிக்க வச்சது நான். பேச விடாம வச்சது நான். தெனமும் முந்தானைய உதறிக் காட்டச் சொன்னது நான். காலு வீங்குது, ஸ்டூல் வேணும்னு கேட்டப்போ தர மாட்டேன்னு சொன்னதும் இந்த வாய்தான். இம்புட்டும் செஞ்சு அவங்கள உருவாக்குனது நான். இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல. விளம்பரம் எனக்குப் பிடிக்காது.”

மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை வியப்பு என்று அவர் நினைத்தார். பேராசிரியர் மட்டும் கண் கலங்கிவிட்டார். தன் தத்துவம் இப்படிக் கரை வேட்டி கட்டிக்கொண்டு நேரில் வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மேசையில் மிச்சமிருந்த ஒரு சால்வையை எடுத்து ராஜரத்தினத்தின் தோளில் போர்த்தினார்.

பரிபூரணம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கத்து மைக்கை இழுத்துக்கொண்டாள். “அவிய மரியாதைக்காகத்தான் பேரைச் சொல்லாம விட்டேன். முதலாளி சொன்னதெல்லாம் நெசம்,” என்றாள்.

ராஜரத்தினம் மேடையிலிருந்து சுயம்புலிங்கத்தைத் தேடினார். சுயம்புலிங்கம் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றுவிட்டான் என்று ராஜரத்தினம் நினைத்தார். கடைசி வரிசையில் யாரும் கை தட்டவில்லை என்பதை வீட்டுக்கு வந்து தங்கபாய் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டார். வேனில் வந்த அசதி, தூங்கியிருப்பார்கள், என்றார். அன்றிரவு சால்வையோடே படுத்தார்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக்குப் போனபோது மிஷின் சத்தம் கேட்கவில்லை. பெண்கள் எல்லாரும் அவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் பிச்சையம்மாள். பரிபூரணத்துக்குப் பக்கத்து மிஷினில் சுருட்டியவள்; இன்னும் அங்கேயே சுருட்டுகிறவள்.

“என்ன ஏட்டி, வேலை இல்லியா?”

“ஒரு சந்தேகம் முதலாளி. கேட்டுட்டுப் போறோம்.”

“கேளு.”

“நேத்து மேடையில சொன்னீகள்லா, பரிபூரணத்தை உருவாக்குனது நீங்கதான்னு. நாங்களும் அதே எடத்துலதான் நின்னோம். அதே முந்தானையத்தான் உதறுனோம். எங்கள ஏன் உருவாக்கல?”

ராஜரத்தினம் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

“எங்களுக்கு மட்டும் கொறைச்சலாப் பண்ணீகளா?” என்றாள் பிச்சையம்மாள். “அவளாவது கொஞ்ச வருசம். நான் கல்யாணத்துக்கு முன்ன வந்தவ, பேத்தி எடுத்துட்டேன். உங்க கணக்குப்படி நான் இந்நேரம் ஒரு மில்லே வச்சிருக்கணும்.”

“அதுக்கெல்லாம் உள்ளுக்குள்ள ஒரு நெருப்பு வேணும் ஏட்டி. எல்லாருக்கும் வராது.”

“அப்ப நெருப்பு அவ கொண்டாந்தது. நீங்க என்னத்தக் குடுத்தீக?”

ராஜரத்தினம் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்தார். வைத்தார். பேராசிரியர் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். பேராசிரியருக்குத் திங்கட்கிழமை காலையில் கல்லூரி.

“இப்ப என்னங்குற?”

“பெருசா ஒண்ணுமில்ல. முந்தானைய இனிமே உதற மாட்டோம். பொறவு, உக்காந்து சுருட்டுதோம். அதுக்கு எதாவது போட்டுத் தாங்க. போட்ட பொறவு கூப்பிட்டு விடுங்க, வாரோம்.”

வாசலைத் தாண்டி எல்லாரும் தெருவில் இறங்கிப் போனார்கள். ஒருத்திகூட நின்று உதறவில்லை.

கம்பெனி காலியாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் சாகுல் ஹமீது பாய் சரக்கு எடுக்க வந்தார். நடந்ததைக் கேட்டார். முகத்தை ரொம்பச் சிரமப்பட்டு வருத்தமாக வைத்துக்கொண்டார். ராஜரத்தினத்தின் மனசைக் குடைந்தது வேறொன்று.

“சுயம்புலிங்கம் கம்பெனியில ஒண்ணும் கேக்கலியா பாய்?”

“அங்கே என்னத்தக் கேக்க? சனிக்கிழமையே எல்லாருக்கும் ஸ்டூல் வந்துட்டு. நீங்க ரெண்டு பேரும் டீக்கடையில பேசுனது அவரு பொஞ்சாதி காதுக்குப் போயி, அந்தம்மா சாவியப் பிடுங்கிக் கதவுலயே மாட்டிட்டாக, ஸ்டூலும் வாங்கிப் போட வச்சிட்டாக. அதான் மனுசன் விழாவுல வாயைத் தொறக்கல.”

மேடையில் தோற்றுப்போனவனாக ராஜரத்தினம் நினைத்த ஆள், அதற்கு முந்தின நாளே ஜெயித்துவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பழைய எரிச்சல் மறுபடி வந்தது.

“என்ன ஸ்டூலு? மரமா, இரும்பா?”

“மரந்தான்.”

“சாய்மானம் உண்டா?”

“ஸ்டூலுக்கு எப்பிடி அண்ணாச்சி சாய்மானம் இருக்கும்?”

“அப்ப நான் நாற்காலியாப் போடுதேன். சாய்மானம் வச்சது. இரும்பு. சிவப்புக் கலர்ல. எந்தக் கம்பெனியிலயும் இருக்கக் கூடாது அது மாதிரி. எங்க கெடைக்கும்னு சொல்லும்.”

அடக்குமுறைக்கு இத்தனை வருஷத்தில் முடியாததைப் பொறாமை ஒரு வாரத்தில் செய்து முடித்தது. மதுரையிலிருந்து லாரியில் நாற்காலிகள் இறங்கின. பிச்சையம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் ஆள் போனது, வந்தார்கள். பிச்சையம்மாள் உட்கார்ந்து, சாய்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். கைப்பிடியைச் சுழற்ற ஆரம்பித்தாள். சாயங்காலம் ராஜரத்தினம் ஒரு ரோலை அழுத்திப் பார்த்தார். இறுக்கம் குறையவில்லை. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

அந்த வாரமே பேப்பருக்குச் செய்தி கொடுத்தார். ‘தொழிலாளர் நலனில் முன்னோடி’ என்று தலைப்பையும் தானே எழுதிக் கொடுத்தார். போட்டோ எடுக்க ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்தார். ராஜரத்தினம் சால்வையைப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் நடுவில் முன்னால் தனக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். தேடிப் பார்த்ததில் காலியாக ஒன்றும் இல்லை. அவருடைய மெத்தை நாற்காலி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி வெளியே வர மறுத்தது.

போட்டோக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கம்மா. முதலாளி மட்டும் உக்காரட்டும். அதான் முறை.”

யாரும் எழுந்திருக்கவில்லை. பிச்சையம்மாள் சாய்மானத்தில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“இப்பிடியே எடுங்க தம்பி,” என்றாள். “முதலாளி பின்னால நிக்கட்டும். செத்த நேரம்தான.”